பழைய வாகனங்கள் தங்கிய இரண்டு இரவுகள்

‘முகாம்’ என்ற சொல் எம்மைப் போன்றவர்களின் காதில் எப்படி விழும் என்பதை இந்த இதழின் வாசக சகோதரிகளுக்கு நான் விளக்கத் தேவையில்லை. 2009 இல் வன்னியிலிருந்து வெளியேறி முகாம்களில் இருந்த சுமார் மூன்று இலட்சம் பேரில் நானும் ஒருத்தி. செட்டிகுளம் மெனிக் பாமில் என் இரண்டு பெண்பிள்ளைகளோடு தறப்பாளின் கீழ் ஒரு வருடத்துக்கு மேல் இருந்தேன். 2012 செப்டெம்பரில் அந்த முகாம் மூடப்பட்டது. அதற்கு முன்பே நான் வெளியே வந்துவிட்டேன். ஆனாலும் கொழும்பிலிருந்து வந்த ஒருவர், “உங்கள் தோட்டத்தில் எங்கள் சங்கத்தார் இரண்டு நாள் முகாம் போட விரும்புகிறார்கள்” என்று சொன்னபோது எமது மாதர் சங்கக் கூட்டத்தில் சற்று நேரம் எவரும் வாய் திறக்கவில்லை.

அவர் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. பழைய மோட்டார் வாகனங்களைப் பேணி வைத்திருப்பவர்களின் சங்கம் ஒன்றின் சார்பில் வந்திருந்தார். ஐம்பது, அறுபது, எழுபது வருடப் பழைமையான கார்களையும் ஜீப்களையும் திருத்தி, வர்ணம் பூசி, வருடத்தில் சில தடவைகள் வரிசையாக ஓட்டிச் சென்று எங்காவது கூடாரம் அடித்துத் தங்குவது அவர்களது பொழுதுபோக்கு. நம் நாட்டில் இவ்வாறான சங்கங்கள் பல இருக்கின்றன. ஏப்ரல் மாதத்தில் வாகனப் பிரியர்கள் மலைநாட்டுக்கு வருவதும் புதிதல்ல. நுவரெலியாவில் மஹகஸ்தொட்ட மலையேற்ற ஓட்டமும், எமக்குப் பக்கத்திலுள்ள தியத்தலாவையில் ‘பொக்ஸ் ஹில்’ ஓட்டமும் அந்தப் பருவத்துக்குப் பெயர் போனவை.

இவர்கள் பந்தயத்துக்கு வருபவர்கள் அல்லர். 2025 ஏப்ரல் கடைசி வார இறுதியில் எமது தோட்டத்து மாரியம்மன் திருவிழா நடப்பதை அறிந்து, தேரையும் கரகத்தையும் பார்க்க வேண்டும், பக்கத்திலேயே தங்க வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். பதினொரு வாகனங்கள், முப்பத்துநான்கு பேர், இரண்டு இரவுகள். இடமும் சாப்பாடும் நாம் ஏற்பாடு செய்து தர வேண்டும். தலைக்கு ஓர் இரவுக்கு 1,500 ரூபா தருவதாகச் சொன்னார்.

எமது சங்கத்தில் ஒன்பது பெண்கள். அந்த நேரத்தில் கொழுந்து பறிக்கும் ஒருத்திக்கு நாட்சம்பளம் 1,350 ரூபா. ஆகவே வந்த வேலையைத் தட்டிவிடும் நிலையில் நாம் இல்லை. அதேநேரம், கேட்டவுடன் தலையாட்டவும் மனம் வரவில்லை.

எங்கள் ஊரும் எங்கள் ஒன்பது பேரும்

வடக்கு, கிழக்கில் இருக்கும் சகோதரிகளுக்காக ஊரைப் பற்றிச் சற்றுச் சொல்ல வேண்டும். கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக மட்டக்களப்புக்குப் போகும் ஏ-4 வீதியில், மலை ஏறத் தொடங்கியபின் வருவது ஹல்துமுல்லை. இன்னும் மேலே போனால் பெரகலைச் சந்தி. அங்கிருந்து ஒரு வழி அப்புத்தளை, பண்டாரவளைப் பக்கமும், மற்ற வழி கொஸ்லாந்தை, வெல்லவாயப் பக்கமும் போகின்றது. தெற்கே பார்த்தால் மலை சட்டென முடிந்து தாழ்நிலம் விரியும். வானம் தெளிந்த நாளில் உடவளவை நீர்த்தேக்கம் வெள்ளித் தட்டுப் போல மின்னும். கொழும்பிலிருந்து வருபவர்கள் மயங்குவது அந்தக் காட்சியில்தான்.

நான் பிறந்தது இங்குள்ள ஒரு தோட்டத்தின் லயத்தில். 1977 கலவரத்தின் பின் அப்பா எங்களை வன்னிக்குக் கூட்டிக்கொண்டு போனார். எனக்கு அப்போது ஐந்து வயது. அந்தக் காலத்தில் ஆயிரக்கணக்கான மலையகக் குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சிப் பக்கங்களில் காடு வெட்டிக் குடியேறின. அடிக்குத் தப்பிப் போன இடத்திலும் யுத்தம் வந்தது. 2010 இல் பிள்ளைகளோடு சின்னம்மாவின் லயக் காம்பிராவுக்குத் திரும்பி வந்தேன். கணவர் வரவில்லை. அதைப் பற்றி இங்கு எழுதப் போவதில்லை.

சங்கத்தில் என்னைப் போல வன்னியிலிருந்து வந்தவர்கள் நான்கு பேர். மற்ற ஐவரும் இந்த மண்ணிலேயே இருந்தவர்கள். அவர்களில் ஒருத்தி 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி மீரியபெத்தை மண்சரிவில் தாயைப் பறிகொடுத்தவள். இந்த ஹல்துமுல்லைப் பிரதேச செயலகப் பிரிவிலேயே, காலை நேரத்தில், லயங்கள் மண்ணுக்குள் போயின. ஒவ்வொருவரும் ஏதோ ஒன்றைக் கடந்து வந்தவர்கள்.

அன்றையக் கூட்டத்தில் முதலில் பேசியவள் முல்லைத்தீவிலிருந்து திருமணமாகி வந்த தங்கச்சி. “அக்கா, கூடாரமெண்டா நான் வரேல்லை. சமையலெண்டா வாறன்” என்றாள். எவரும் அவளை வற்புறுத்தவில்லை. அவள் சொன்னதையே எமது முதலாவது தீர்மானமாக எழுதினோம்: எந்த வேலைக்கு வருவது, எதற்கு வராமலிருப்பது என்பதை அவரவரே சொல்ல வேண்டும், எந்த வேலை செய்தாலும் கூலி ஒன்றே.

இரண்டாவதாக, ‘முகாம்’ என்ற சொல்லைக் கைவிட்டு, ‘தங்கல்’ என்று கணக்குப் புத்தகத்தில் எழுதினோம். வந்தவரிடமும் அப்படியே சொல்லச் சொன்னோம். அவர் காரணம் கேட்டார். சொன்னோம். அதன் பிறகு அவர் ஒரு தடவைகூட அந்தச் சொல்லைப் பாவிக்கவில்லை.

அவர்களின் பொழுதுபோக்கு, எங்களின் பிழைப்பு

“இந்த வாகனங்களைப் பற்றி உங்களுக்குத் தெரியாது, ஆகவே அந்தப் பக்கம் கவலை வேண்டாம்” என்று அந்த ஐயா சிரித்துக்கொண்டே சொன்னார். எமக்குள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

பழைய வாகனம் என்றால் என்ன என்று எமக்குத் தெரியாதா? மொரிஸ் மைனரும் லான்ட் ரோவரும் 1948 ஆம் ஆண்டு அறிமுகமானவை. இங்கே தோட்டத்துத் துரைமார் லான்ட் ரோவரில் மலை சுற்றியதைப் பார்த்த முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1960 களிலும் 70 களிலும் கார் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்தபடியால், நாடெங்கும் இருந்த கார்களையே திருத்தித் திருத்தி ஓட்டினார்கள். ஆனால் அவற்றை மிகவும் கடினமாக உழைக்க வைத்தது வடபகுதிதான்.

1990 இல் யுத்தம் மறுபடி தொடங்கியபின் வடக்கிற்குப் பெற்றோல் தடைசெய்யப்பட்டது. அப்போது யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் ஓடியவை ஒஸ்டின் ஏ-40, சோமசெற், மொரிஸ் மைனர் போன்ற பழைய கார்களே. சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினைக் கிளப்பி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்தக் காலத்து எஞ்சின்களில் அமுக்கம் குறைவு. ஆகையால் தரம் குறைந்த எண்ணெயையும் அவை ஏற்றுக்கொண்டன. பின்னால் கரும்புகை போகும், கண் எரியும், ஆனாலும் வண்டி போகும். பிரசவ வலி கண்ட எத்தனை பெண்கள் அந்த மண்ணெண்ணெய்க் கார்களில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்! என் மூத்தவள் பிறந்ததும் அப்படித்தான்.

எமது சங்கத்தில் ‘கிளிநொச்சி அக்கா’ என்று நாம் கூப்பிடும் ஒருவர் இருக்கிறார். அவருடைய கணவர் ஏ-40 காரை வாடகைக்கு ஓட்டியவர். பிளக் கழற்றித் துடைப்பது, காபரேற்றர் ஊதுவது எல்லாம் அக்காவின் கைவேலை. “ஐயா, உங்கட வாகனத்துக்குக் காலமையில பனிக்கு ஸ்ரார்ட் வராட்டி என்னைக் கூப்பிடுங்கோ” என்று அவர் சொன்னபோது, அந்த ஐயா சிரிப்பை நிறுத்திவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். பேரம் அங்கிருந்துதான் ஒழுங்காகத் தொடங்கியது என்று கூற வேண்டும்.

இடம் பார்த்தல்

அவர்கள் ஏற்கனவே ஓர் இடத்தை மனதில் வைத்திருந்தார்கள். கைவிடப்பட்ட மரக்கறித் தோட்டம், சமதரை, தாழ்நிலம் முழுவதும் தெரியும் அழகான இடம். பின்னால் வீதிக்காக வெட்டிய மண்மேடு. மீரியபெத்தைச் சகோதரி அங்கு போனதும் காட்சியைப் பார்க்கவில்லை. திரும்பி நின்று மேட்டைப் பார்த்தாள். மேலே நின்ற இரண்டு சவுக்கு மரங்கள் சரிந்திருந்தன. அவற்றின் அடியில் விரல் போகக்கூடிய அளவு வெடிப்பு ஓடியது. “இங்க வேணாம்” என்றாள். அதற்கு மேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.

நிலத்தில் புதிய வெடிப்பு, சாய்ந்து வரும் மரங்களும் கம்பங்களும், திடீரெனக் கலங்கும் அல்லது வற்றிப்போகும் ஊற்று: இவை மண் நகரப்போவதற்கான அடையாளங்கள். மலையடிவாரத்தில் தங்கும் எவரும் இவற்றை அறிந்திருக்க வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மழையின் அளவை வைத்து எச்சரிக்கை விடுக்கின்றது. இருபத்துநான்கு மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பாக இருக்க வேண்டும். 100 ஐத் தாண்டினால் வெளியேற ஆயத்தமாக வேண்டும். 150 ஐத் தாண்டினாலோ, ஒரே மணித்தியாலத்தில் 75 கொட்டினாலோ ஆபத்தான இடத்தில் நிற்கவே கூடாது. இதை அளக்கப் பெரிய கருவி தேவையில்லை. பக்கங்கள் நேரான ஒரு பாத்திரத்தை வெட்டவெளியில் வைத்து, தேங்கிய தண்ணீரை அடிமட்டத்தால் அளந்தாலே ஓரளவு தெரிந்துவிடும்.

கடைசியில் பாடசாலை மைதானத்தை முடிவு செய்தோம். காட்சி அவ்வளவு இல்லை. ஆனால் வெட்டிய மேடு பக்கத்தில் இல்லை, பீலித் தண்ணீர் கிட்ட இருந்தது, ஓடிப்போய் நிற்க ஒரு கட்டடமும் இருந்தது. ஏப்ரலில் இங்கு பின்னேரங்களில் இடி மின்னலோடு மழை வரும். இடி கேட்டால் கூடாரத்திலும் மரத்தடியிலும் நிற்கக்கூடாது. கட்டடத்துக்குள் போக வேண்டும். உலோகக் கூரையுள்ள மூடிய காருக்குள் இருப்பதும் பாதுகாப்பே. துணிக்கூரை போட்ட பழைய ஜீப்புக்கு அது பொருந்தாது. இதை நாம் சொன்னபோது வாகனச் சங்கத்தார் எழுதிக்கொண்டார்கள்.

பாடசாலை அதிபர், தோட்ட நிர்வாகம், கிராம உத்தியோகத்தர், பொலிஸ் நிலையம் ஆகிய நால்வருக்கும் எழுத்தில் அறிவித்தோம். சிங்களக் கடிதங்களை என் இளையவள் எழுதினாள். ஒவ்வொரு கடிதத்திலும் எமது சங்கத் தலைவியும் செயலாளரும் கையொப்பமிட்டோம்.

தண்ணீர், மலசலகூடம், வெளிச்சம்

இந்த விடயத்தில் எமக்கு ஒருவரும் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை. மலசலகூடம் தூரத்தில் இருந்தால் இரவில் பெண்கள் படும் பாடு எமக்குத் தெரியும். தண்ணீர் வரிசையில் விடிய விடிய நின்றவர்கள் நாம். குளிக்கும் இடத்துக்கு மறைப்பு இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதும் தெரியும்.

நிவாரண வேலை செய்பவர்கள் பாவிக்கும் ‘ஸ்பியர்’ என்ற சர்வதேசக் கைநூல் ஒன்று உண்டு. அகதிகளுக்கான ஆகக்குறைந்த அளவுகள் அதில் இருக்கின்றன. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 15 லீற்றர் தண்ணீர். இருபது பேருக்கு ஒரு மலசலகூடம். அது தங்குமிடத்திலிருந்து 50 மீற்றருக்கு மேல் போகக்கூடாது. படுக்க ஒருவருக்கு மூன்றரைச் சதுர மீற்றர் இடம். அன்று எமக்குக் கிடைத்ததா இல்லையா என்பது வேறு விடயம். வரும் விருந்தாளிகளுக்கு அதைவிடக் குறைவாகக் கொடுக்க மாட்டோம் என்று தீர்மானித்தோம்.

34 பேருக்கு 15 லீற்றர் என்றால் நாளொன்றுக்கு 510 லீற்றர். ஆயிரம் லீற்றர் தாங்கி ஒன்றை வாடகைக்கு எடுத்து, பீலியிலிருந்து குழாய் போட்டு நிரப்பினோம். குடிதண்ணீரைக் கொதிக்க வைத்து வேறாக வைத்தோம். கணக்குப்படி இரண்டு மலசலகூடங்கள் போதும். ஆனால் நாம் மூன்று கேட்டோம், அதில் இரண்டு பெண்களுக்கு. உள்ளே கொளுக்கி, வழியில் வெளிச்சம். மண்ணெண்ணெய் விளக்கு கூடாரப் பக்கம் வரக்கூடாது என்பதால் மின்கலத்தில் எரியும் விளக்குகள் வாங்கப்பட்டன. பெற்றோல் கலன்களைக் கூடாரங்களுக்கும் அடுப்புக்கும் தூரத்தில், நிழலில் வைக்க வேண்டும் என்பதும் எழுதப்பட்டது.

இன்னொன்றையும் கேட்டோம். வருபவர் எல்லோருடைய பெயர், அடையாள அட்டை இலக்கம், வாகன இலக்கம், வாகனத்தின் நிறம் ஆகியவை ஒரு வாரத்துக்கு முன்பே எமக்கு வர வேண்டும். பதிவு என்றாலே எமக்கு ஒரு கசப்பு. ஆனாலும் வயதுக்கு வந்த பிள்ளைகள் இருக்கும் ஊருக்குள் 34 அந்நியர் வரும்போது, யார் வருகிறார்கள் என்று கேட்க எமக்கு உரிமை உண்டு. அவர்களும் மறுக்காமல் அனுப்பினார்கள்.

நிறத்தை ஏன் கேட்டோம் என்று உங்களுக்குப் புரியும். பட்டியலில் கடும்பச்சை லான்ட் ரோவர் ஒன்று இருந்தது. அதைச் சமையலறைப் பக்கம் வராதபடி, கட்டடத்தின் பின்னால் நிறுத்த வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டோம்.

திருவிழாவின் ஒழுங்கு

திருவிழாக் குழுவில் எல்லோரும் ஆண்கள். “வெளியாட்களைக் கொண்டுவரப் பெண்கள் எப்படி முடிவெடுக்கலாம்?” என்று ஒருவர் கேட்டார். நாம் சண்டைக்குப் போகவில்லை. இடத்தின் வரைபடம், கடிதங்கள், கணக்கு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு குழுத் தலைவரிடம் போனோம். “தலைவரே, எது செய்யக்கூடாது என்று நீங்கள் சொல்லுங்கள், அதை அவர்களை ஒப்புக்கொள்ள வைப்பது எங்கள் பொறுப்பு” என்றோம். அவர் ஒரு பட்டியல் சொன்னார். நாமும் சிலவற்றைச் சேர்த்தோம்.

காப்புக் கட்டினால் தோட்டத்தில் மச்சம் மாமிசம் புழங்குவதில்லை. வந்தவர்களோ கோழி சுட்டுச் சாப்பிடும் எண்ணத்தோடு இருந்தார்கள். அது முடியாது என்றோம். மதுபானமும் முடியாது என்றோம். மதுபானத்துக்குத்தான் சற்று முணுமுணுப்பு வந்தது. “அப்படியானால் வேறிடம் பாருங்கள்” என்று எமது தலைவி சொல்லிவிட்டாள். அந்த இடத்தில் எமது வருமானமே போயிருக்கலாம். இரண்டு நாள் கழித்துச் சம்மதம் வந்தது.

அடுத்தது வெடி. தேர் புறப்படும்போதும் கரகம் பாலிக்கும்போதும் வெடி கொளுத்துவது வழக்கம். எம்மில் நான்கு பேருக்கும், பிள்ளைகள் சிலருக்கும் அந்தச் சத்தம் ஆகாது. வெடியை நிறுத்தச் சொல்ல எமக்கு மனமில்லை, அது ஊரின் சந்தோசம். கொளுத்துவதற்கு ஐந்து நிமிடத்துக்கு முன் ஒலிபெருக்கியில் அறிவித்தால் போதும் என்று கேட்டோம். தலைவர் உடனே ஒப்புக்கொண்டார். இந்தச் சிறிய ஏற்பாட்டை ஒவ்வொரு கோவிலிலும் கேட்டுப் பெறலாம் என்பது எனது எண்ணம்.

வாகனங்களைப் பற்றியும் விதி இருந்தது. 2024 ஏப்ரல் 21 ஆம் திகதி தியத்தலாவை பொக்ஸ் ஹில் ஓட்டத்தில் ஒரு கார் பாதையை விட்டு விலகிப் பார்வையாளர்கள் மேல் பாய்ந்து ஏழு பேர் இறந்ததை இப்பகுதியில் எவரும் மறக்கவில்லை. பழைய வாகனத்தைக் கண்டால் பிள்ளைகள் ஓடி வருவார்கள். ஆகவே வாகனங்கள் பகல் வெளிச்சத்தில் வந்து, பகல் வெளிச்சத்தில் போக வேண்டும். லயப் பாதைக்குள் வரக்கூடாது. நிறுத்தியதும் சில்லுகளுக்குக் கல் வைக்க வேண்டும். சனிக்கிழமை காலை ஒரு மணி நேரம், எஞ்சின் நிறுத்திய நிலையில், பிள்ளைகள் ஏறி இறங்கிப் பார்க்கலாம். திரும்பிப் போகும்போது பலாங்கொடைப் பக்க இறக்கத்தில் பிறேக்கை மிதித்துக்கொண்டே போகாமல், சிறிய கியரில் இறங்க வேண்டும் என்பதைக் கிளிநொச்சி அக்கா சேர்த்தார். பழைய கார்களின் பிறேக் தொடர்ந்து மிதித்தால் சூடாகிப் பிடிக்காமல் போகும் என்பது அவருடைய அனுபவம்.

கணக்கு

தலைக்கு 1,500 ரூபா கட்டாது என்று காட்டினோம். பேசிப் பேசி, மூன்று நேரச் சாப்பாட்டோடும் தேநீரோடும் ஓர் இரவுக்கு 3,000 ரூபா என்று முடிந்தது. 34 பேருக்கு இரண்டு இரவு 2,04,000 ரூபா. பாதி முற்பணம், எழுத்தில் ஒப்பந்தம்.

செலவு இவ்வாறு: சாமான் 78,000, தற்காலிக மலசலகூடங்கள் 24,000, தாங்கியும் குழாயும் 9,000, விளக்குகள் 15,000, பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்கு 10,000. ஒன்பது பெண்களுக்கும் மூன்று நாட்களுக்கு, நாளுக்கு 2,000 வீதம் 54,000. மீதி 14,000 ரூபா சங்கத்தின் கணக்கில். விளக்குகளும் சங்கத்துக்கே சொந்தம்.

கூலியை முதலிலேயே செலவில் சேர்த்ததைக் கவனியுங்கள். எமது பெண்கள் ‘மிஞ்சினால் பங்கு போடுவோம்’ என்று வேலை தொடங்குவார்கள். கடைசியில் மிஞ்சுவது ஒன்றுமில்லை. சாமானுக்குக் கடைக்காரருக்குக் காசு கொடுப்பதைப் போலவே, கைவேலைக்கும் கொடுக்க வேண்டும்.

அந்த இரண்டு நாட்கள்

வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்குப் பிறகு வாகனங்கள் ஒவ்வொன்றாக ஏறி வந்தன. இரண்டு கார்கள் தண்ணீர் கொதித்து வழியில் நின்று வந்தன. கூடாரம் அடித்து முடியும் முன்னே இடி தொடங்கியது. மணி அடித்தோம். எல்லோரும் பாடசாலை மண்டபத்துக்குள் வந்தார்கள். ஒன்றரை மணி நேர மழை. எமது பாத்திரத்தில் 38 மில்லிமீற்றர். சாயத்தண்ணியும் சுடச்சுட ரொட்டியும் கட்டைச் சம்பலும் கொடுத்தோம். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எல்லோரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். சம்பலின் உறைப்பில் எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கண்ணீர் வந்தது.

பச்சை லான்ட் ரோவரின் சொந்தக்காரர் வயதானவர். ஏன் என் வண்டி மட்டும் பின்னால் என்று கேட்டார். என் மகள் சிங்களத்தில் காரணத்தைச் சொன்னாள். அவர் சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு தானாகவே வண்டியின் மேல் ஒரு படங்கை இழுத்து மூடினார். இரண்டு நாளும் அது மூடியே இருந்தது.

சனி காலையில் மலை முழுவதும் பனி. ஒரு மொரிஸ் மைனரும் ஒரு ஒஸ்டினும் கிளம்பவில்லை. கிளிநொச்சி அக்கா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போனார். பானற்றைத் திறந்து டிஸ்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, உள்ளே பூத்திருந்த ஈரத்தை உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்து மாட்டினார். இரண்டு வாகனங்களும் கிளம்பின. கைதட்டினார்கள். அக்காவுக்குக் கைதட்டு பெரிதாகத் தெரியவில்லை. “அவர் இருந்திருந்தா இதுக்கு ஒரு நிமிசம்தான்” என்று மட்டும் எனக்குக் கேட்கும்படி சொன்னார்.

அன்றிரவு தப்புச் சத்தத்தோடு தேர் வந்தது. எமது தேர் என்பது உழவு இயந்திரப் பெட்டியில் கட்டிய சப்பறம்தான். வெடிக்கு முன் அறிவித்தல் வந்தது. நான் காதைப் பொத்திக்கொள்ள எனக்கு நேரம் இருந்தது. மாரியம்மன் எமது லயத்து வாசலில் நின்றபோது விருந்தாளிகள் கயிற்றுக்கு அப்பால் கைகூப்பி நின்றார்கள்.

முல்லைத்தீவுத் தங்கச்சி இரண்டு நாளும் கூடாரங்களின் பக்கம் போகவில்லை. மண்டபத்துச் சமையலறையில் நின்று 34 பேருக்கும் பசியாற்றினாள். ஞாயிறு மாலை 6,000 ரூபாவை எண்ணி வாங்கிக்கொண்டாள். கூடாரம் அவளுக்கு எப்போது சாதாரணமாகும், அல்லது ஆகாமலே போகுமா என்பது அவளுடைய விடயம். வேலைக்கு அது தடையாக இருக்கவில்லை.

அதே வருடம் நவம்பர் கடைசியில் ‘டித்வா’ புயலின் மழை பதுளை மாவட்டத்தில் பல இடங்களில் மலையைச் சரித்துப் பெரும் உயிரிழப்பைக் கொண்டுவந்தது. ஆகவே ஒரு தடவை நல்லதென்று கண்ட இடம் எப்போதும் நல்லது என்று இருக்க முடியாது. இனி எவர் வந்து கேட்டாலும் மைதானத்தையும் சுற்றியுள்ள சரிவையும் புதிதாக நடந்து பார்த்த பின்னரே பதில் சொல்வது என்று சங்கத்தில் முடிவு செய்திருக்கிறோம்.

சகோதரிகளே, உங்கள் ஊர்க் கோவில் திருவிழாவுக்கும் தேவாலயப் பெருநாளுக்கும் இப்போது வெளியிடங்களிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். தங்க இடமும் சாப்பாடும் கேட்கிறார்கள். இது எமக்கு ஏற்ற தொழில். இரவில் ஒரு பெண் பயப்படாமல் நடக்க விளக்கு எங்கே வேண்டும், தண்ணீர் எவ்வளவு வேண்டும், யாருக்கு எந்தச் சத்தம் ஆகாது என்பதையெல்லாம் நாம் பெரும் விலை கொடுத்துப் படித்திருக்கிறோம். அந்தப் படிப்புக்குச் சான்றிதழ் இல்லை. ஆனால் அதற்குக் கூலி கேட்கலாம். கேட்பதற்கு முன் நால்வராவது கூடிப் பேசுங்கள். இடத்தை நீங்களே நடந்து பாருங்கள். செய்யக்கூடாததை முதலில் எழுதுங்கள். கூலியைச் செலவில் சேருங்கள். மனம் ஒப்பாவிட்டால் ‘முடியாது’ என்று சொல்லுங்கள். எங்கள் தலைவி அதைச் சொன்ன பிறகுதான் அவர்கள் எங்களை ஒரு சங்கமாக மதித்துப் பேசத் தொடங்கினார்கள்.